ஒற்றைக் கொம்பு

படிவத்தில் மூன்றே கட்டங்கள்.
இழப்பு உண்டு, இல்லை, ஓரளவு.
வெள்ளிக்குள் கொடைக்கானல் ஆபீசுக்குப் போயாக வேண்டும்.

குழந்தைவேலு வாசிக்கிறான்:
"மழை பேய்தது."
நாலாம் வகுப்பே சிரிக்கிறது.
எதற்கென்று தெரியாமல் அவனும்.
ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் நடுவே
பத்தொன்பது மாதம்
பூட்டிக் கிடந்தது பள்ளிக்கூடம்.
இரண்டாம் வகுப்பிலிருந்து எழுந்து போனவன்
நாலாம் வகுப்பு பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.
மூணாப்பு எங்கேடா படிச்சே என்றால்
"பூண்டுக் காட்டுல டீச்சர்."

பூம்பாறையில் சிக்னல் என்பது ஓர் இடம்.
வளைவு தாண்டி, பைன் மரம் சாய்ந்த மேடு.
மேகம் இறங்கிவிட்டால் அதுவும் இல்லை.
ஆறேழு பிள்ளைகள் அங்கே
போன் பிடித்த கையை உயர்த்தி நிற்பார்களாம்,
வருகைப் பதிவேட்டில்
யாரோ பெயர் கூப்பிட்டதுபோல.
குழந்தைவேலு அந்தக் கூட்டத்திலும் இல்லை.
அவன் அப்பா அய்யாத்துரை
விதைப்பூண்டு வாங்க
போனை மன்னவனூரில் அடகு வைத்திருந்தார்.

நான் என்ன செய்தேன்?
நாயுடுபுரத்து வாடகை வீட்டில்
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
தினம் ஒரு பாடம் பேசி அனுப்பினேன்.
அவன் பெயருக்கு நேரே
இருநூற்றுப் பதினோரு சாம்பல் டிக்.
எல்லாமே ஒற்றை.
ஒரு மாதம் வைத்திருந்து பார்த்துவிட்டு
அழித்துவிடுவார்களாம், பிறகுதான் தெரிந்தது.
பூண்டு விலை ஏறி, போன் மீண்டு வந்தபோது
நான் அனுப்புவதை நிறுத்தி நாற்பது நாள்.

இதையும் சொல்ல வேண்டும்.
என் மகள் தாரகை ஒரு வகுப்பும் விட்டதில்லை.
வைஃபை, ஹெட்போன், போர்வைக்குள் லேப்டாப்.
எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ்.
அரையும் அரையும் சேர்ந்தால்
நாலில் இரண்டு என்கிறாள்.
மேலதை மேலதோடு, கீழதைக் கீழதோடு
கூட்டி முடித்த நிம்மதி முகத்தில்.
அவளை எந்தக் கட்டத்தில் போடுவது?

"காட்டில் கற்றதும் கல்விதானே"
என்றார் கூட்டத்தில் ஒருவர்.
கைதட்டினார்கள். நானும்தான்.
அவன் தராசு பார்ப்பான்,
முதல் தரம் இரண்டாம் தரம் பிரிப்பான்,
மூட்டைக் கணக்கை வாயால் போடுவான்.
விரல் நுனிகளில் தோல் உரிந்திருக்கிறது.
கையுறை அணியவும் என்று
மருந்துப் பாக்கெட்டில்
தமிழில்தான் போட்டிருக்கிறது.

நேற்று சாயங்காலம், எல்லாரும் போன பிறகு,
என் போனில் இருந்த பழைய குரலை
முதலிலிருந்து போட்டேன் அவனுக்கு.
பின்னால் குக்கர் விசில்,
தாரகையின் இருமல்,
ஏரி ரோட்டில் ஆம்புலன்ஸ்.
"குழந்தைவேலு, வெளியே போகாம இருக்கியா?"
கேட்கிறாள் அந்த டீச்சர்.
நிமிர்ந்து உட்கார்ந்து,
என்னைப் பார்க்காமல், போனைப் பார்த்து,
"இருக்கேன் டீச்சர்."

அவள் கொம்பு போடச் சொல்லித் தருகிறாள்.
செடி. கெண்டி. மெழுகு.
கொஞ்சம் வேகம்தான்.
யாரும் பாதியில் கை தூக்காத வேகம்.

"புரிஞ்சுதா?" என்கிறாள்.
பதிலுக்கென்று
நாலு விநாடி இடம் விட்டிருக்கிறாள்.
அப்படி விட்டது எனக்கு மறந்தே போயிருந்தது.

அந்த நாலு விநாடிக்குள் சரியாக
"இல்லை டீச்சர்" என்கிறான்.

"வெரி குட். அடுத்த பாடம்" என்கிறாள்.

நிறுத்தினேன்.
ஐந்து மணி பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது.
போகட்டும், அடுத்ததில் போய்க்கொள்ளலாம்.
படிவத்தைப் பின்புறம் திருப்பிப் போட்டு
வெள்ளைப் பக்கத்தில்
ஒரு கொம்பு எழுதினேன்.